கரடி நகரலீங்க

தம்பி, இந்த பஸ் மடிவாளா வழியாத்தானுங்க போகும்? கண்டக்டர்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டுட்டேன். மூணாவது வாட்டி கேட்டா எறக்கி உட்டுருவாராட்ட இருக்குது, அதான் உங்களக் கேக்கறேன். போகுங்களா? செரி, செரி.

ஜன்னலச் சாத்த வேண்டாமுங்க. எனக்குக் குளுரல. கைதான் நடுங்குது. பயத்துல நடுங்குதுங்க, சொல்றதுக்கு என்ன வெக்கம். மின்சார வாரியத்துல கம்பம் ஏறி ஏறியே லைன் இன்ஸ்பெக்டர் ஆனவன் நானு. மழையில ஏறியிருக்கேன், இடி இடிக்கறப்ப ஏறியிருக்கேன். அப்பெல்லாம் நடுங்காத கை, இன்னிக்கு இந்த போனப் புடிக்கறதுக்கு நடுங்குது.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்த போன்ல 'தொடர்ந்து பார்க்க'ன்னு ஒரு வரிசை இருக்குது பாருங்க. அதுல சைக்கிள் ஓட்டுற கரடி ஒண்ணு இருக்குதுங்களா? அதுக்கடியில, படம் எவ்வளவு ஓடியிருக்குதுன்னு காட்டற ஒரு செவப்புக் கோடு. பாதியில நிக்குதல்ல? அது நகருதான்னு மட்டும் சித்த பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணாடி போட்டும் மங்கலாத் தெரியுது.

நகரலீங்களா. செரி.

பைத்தியக்காரன்னு நெனச்சுப் போடாதீங்க. என்ற பையன் நவநீதன் பெங்களூர்ல இருக்கறான். ஒரே பையன். முந்தாநேத்துல இருந்து போன் அணைஞ்சு கெடக்குது. அவன் இருக்கறானா இல்லியான்னு எனக்குச் சொல்றதுக்கு இந்தக் கரடிய உட்டா வேற நாதி இல்லீங்க. மொதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க. பேசீட்டு வந்தாக் கொஞ்சம் நடுக்கம் கொறையுது.

எங்களுக்குத் திருச்செங்கோடு. எங்க வீதிக்குக் கேபிள் குடுக்கறவன் பூபதின்னு ஒருத்தன். மாடிக்கு மாடி வயரு இழுத்து, வீதிக்கே போற பெட்டிய எங்க ஊட்டு மொட்டை மாடியில மாட்டி வெச்சிருந்தான். கரண்டும் எங்க ஊட்டுக் கரண்டுதான். வாரியத்துக்காரன் ஊடாச்சே, ஆரு கேக்கப் போறாங்கன்னு அவனுக்கொரு தைரியம். போகட்டும்னு நானும் உட்டுட்டேன். ஆனா பாருங்க, பெட்டி எங்க ஊட்டுல, படம் மட்டும் எங்க ஊட்டுல வராது. ஊட்டுக்காரி ருக்குமணி சீரியல் பாக்க உக்காந்தா பொட்டு பொட்டாத் தெறிக்கும். போன் பண்ணுனா, "ஊருக்கே வருதுங்கண்ணா, உங்களுக்கு மட்டும் வர்லீங்களா? டிவியத் தூக்கிக் குப்பையில போடுங்க"ன்னு சொன்னான். அதும் ஸ்பீக்கர்ல. ருக்குமணி கேட்டுட்டு இருக்கறா.

எனக்குக் கோவம் வந்தா வந்ததுதானுங்க. மாடிக்குப் போயி அவன் பெட்டியோட பிளக்கப் புடுங்கிப் போட்டேன். அன்னிக்குன்னு பாத்து அந்தச் சீரியல்ல கல்யாணமாம். மாப்பிள்ளை தாலிய எடுக்கறான், வீதி பூராப் படம் போயிருச்சு. பொம்பளைக எல்லாம் வாசல்ல வந்து நின்னு என்னையத் திட்டுன திட்டு இருக்குதே, இன்னிக்கு வரைக்கும் எதுத்தூட்டு அம்மா எனக்கு மொகங் குடுக்கறதில்ல.

பூபதி புல்லட்டுல வந்தான். சத்தம் போடுவான்னு பாத்தா, சத்தமே போடல. பெட்டியக் கழட்டி வண்டியில வெச்சுக்கிட்டு, மெதுவாச் சொன்னான். "அண்ணா, நீங்களும் கம்பிக்காரரு, நானும் கம்பிக்காரன். இந்த வீதியில எந்த டிவியில என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாம ஒண்ணும் ஓடாது. பாத்துக்கறேன்." அவ்வளவுதான். போயிட்டான். அந்த 'பாத்துக்கறேன்' எம் மனசுல முள்ளாட்டத் தச்சு நின்னுக்கிச்சு.

அந்தப் பொங்கலுக்கு நவநீதன் வந்தான். விசயத்தக் கேட்டுட்டு, "அப்பா, உங்களுக்குக் கேபிளே வேண்டாம்"னுட்டான். மாடியில ஒரு குடை வெச்சான். குடைன்னா இந்த டிஷ் ஆன்டெனாங்க. மாசாமாசம் ஆருக்கும் அழுக வேண்டாம், செய்தி, பாட்டு, பழைய படமெல்லாம் சும்மாவே வருது. சீரியலு, புதுப் படம், மத்ததெல்லாம் நெட்டுல வர்ற மாதிரி ஒரு கணக்கு எம் பேர்ல, எம் போன் நம்பர்ல தொறந்து அதே டிவியில ஏத்திக் குடுத்தான். குடையும் நெட்டும் சேந்தாக் கேபிள்ல வர்றதெல்லாம் வந்துருது, மேலயும் வருது. வீதி பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க ஊட்டுல வயரே இல்லீங்க, பூபதி வந்து எதப் புடுங்குவான்னு.

குடையத் திருப்பி வெக்கறப்ப நான் மாடியில, அவன் கீழ டிவி முன்னால. "வருதா?"ங்கறேன். "இல்லப்பா"ங்கறான். கொஞ்சம் திருப்பி, "இப்ப?"ங்கறேன். "வந்துருச்சுப்பா... போயிருச்சு." அவன் சின்னப் பையனா இருக்கறப்ப மீன்முள்ளு ஆன்டெனாவத் திருப்பிக்கிட்டு நாங்க இப்படித்தான் கத்துவோம். இந்தக் கரடிப் படம் அப்ப ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வரும். அது போடற நேரம் பாத்துத்தான் ஆன்டெனா காத்துல திரும்பிக்கும். அன்னிக்கு அத நெனச்சு ரெண்டு பேரும் சிரிச்சோம். அந்தத் தடவை வந்தப்ப அவன் சிரிச்சது அந்த ஒருக்காத்தான்னு இப்பத்தான் நெனப்பு வருது.

பொங்கல் முடிஞ்சும் அவன் கெளம்பல. மெலிஞ்சு போயிருந்தான். பகல்ல படுத்துக் கெடப்பான். எனக்குப் பாத்துட்டு இருக்க முடியல. "இத்தன நாளு லீவு போட்டா எவன்டா வேலையில வெச்சுக்குவான்? எதுத்தூட்டுப் பையன் வேலைய உட்டுட்டு வந்து உக்காந்திருக்கறானே, அவனாட்ட ஆகப் போறியா"ன்னு கேட்டேன். மறுநாளே கெளம்பிட்டான். நானே ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு போயி பஸ் ஏத்தி உட்டேன். நல்லதுக்குத்தானுங்களே சொன்னேன்? ஒரு தகப்பன் வேற என்ன சொல்லுவான்?

இப்ப ஆடியில ஆரம்பிச்சதுங்க இந்தப் பயம்.

ருக்குமணிதான் மொதல்ல பாத்தா. "ஏனுங்க, நாம பாக்காத படமெல்லாம் பாதி பாத்ததாக் காட்டுது"ன்னா. நான் கண்ணாடி போட்டுப் பாத்தேன். அந்த வரிசையில மொத ஆளா இந்தக் கரடி. பாதி ஓடியிருக்குது. பக்கத்துல ஒரு சமையல் படம், அப்பறம் எதோ மலையேத்தம். நாங்க ரெண்டு பேரும் காலையில இருந்து கோயில்ல. ஊடு பூட்டிக் கெடந்தது. ஆரு வந்து பாத்தது?

மறுநாளு சாப்பிட்டுட்டு வந்து பாத்தா, கரடி அடுத்த பாகத்துக்குப் போயிருச்சு. பட்டப்பகல்ல. எங்க கண்ணு முன்னாலயே டிவி அணைஞ்சு இருக்குது, உள்ளார கரடி சைக்கிள் ஓட்டுது. கம்பின்னா எனக்குத் தெரியும். எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு கைகாட்டிச் சொல்லுவேன். கம்பியே இல்லாம ஊட்டுக்குள்ள வர்றத எப்படிப் புடிக்கறது?

பூபதி சொன்னது நெனப்புக்கு வந்துருச்சு. 'எந்த டிவியில என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும்.' அவனேதான். உள்ள வந்துட்டான். எங்க ஊட்டு டிவி வழியா எங்களையே பாக்கறான். ருக்குமணி துணி மாத்தறப்ப டிவி மேல துண்டப் போட்டு மூடுவா. நாங்க சண்டை போடறதா இருந்தாலும் சமையக்கட்டுக்குப் போயித்தான் போட்டோம். மாடியில ஏறி வயரு எங்காச்சும் ஒட்டிக்கிட்டு இருக்குதான்னு தடவித் தடவிப் பாத்தேன். குடையப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், எதுத்தூட்டு அம்மா என்னையப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிச்சு. இதுவும் கூட்டாயிருக்குமோன்னு அதையும் நெனச்சேன்.

ருக்குமணி ஒரு நாள் சொன்னாங்க. "இது நம்ம நவநீ பாக்கற கரடியாட்டல்ல இருக்குது"ன்னு. நான் அவளக் கடிச்சுப் போட்டேன். "அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில கெடந்து மாரடிக்கறான். பகல்ல உக்காந்து கரடிப் படம் பாக்கறதுக்கு அவனென்ன வேலைவெட்டி இல்லாதவனா?"ன்னேன். அவ எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குப் போயிட்டா.

கடைவீதியில பிரவீணான்னு ஒரு பொண்ணு மொபைல் கடை வெச்சிருக்குது. கெட்டிக்காரப் பொண்ணு. போனக் குடுத்தேன். தட்டிப் பாத்துட்டு, "சார், உங்க கணக்குல இன்னொரு எடத்துல இருந்து பாக்கறாங்க. பெங்களூருன்னு காட்டுது"ன்னுச்சு. "அப்படிச் சொல்லு, பூபதிக்கு மேல இருக்கற பெரிய கம்பெனி அங்கதான் இருக்கோணும்"னேன். அந்தப் பொண்ணு என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. "உங்க பையனும் பெங்களூருதானுங்க சார்?"ன்னு கேட்டுச்சு. "அவன் வேலைக்குப் போறவம்மா"ன்னு சொல்லிட்டேன். அது போனத் தொடச்சு எங் கையில குடுத்துருச்சு.

நீங்க சிரிக்கறீங்களா தம்பி? இல்ல, சிரிங்க. கேக்கறவங்களுக்கு ஒடனே தெரிஞ்சு போகும். எனக்குத் தெரியல. பயந்தவனுக்குத் தெரியாதுங்க.

எங்க வேலையில ஒரு வழி உண்டு. ஒரு லைன்ல எவனோ கொக்கி போட்டுக் கரண்ட் திருடறான்னு வெய்ங்க. ஊடு ஊடாப் போயித் தேட மாட்டோம். ஃபியூசப் புடுங்கிட்டு உக்காந்துக்குவோம். கரண்ட் போனா, பில்லு கட்டறவன் போன் பண்ணிக் கேப்பான். கொக்கி போட்டவன் நேராக் கேக்க மாட்டான். நைசா வந்து நின்னு, "என்னங்க சார், லைன்ல எதாச்சும் வேலையா"ன்னு சுத்தி வளச்சுக் கேப்பான். அவந்தான் ஆளு. இது தப்புனதே இல்லீங்க.

அதையே இங்கயும் பண்ணுனேன். பிரவீணாகிட்ட, "எல்லாத்தையும் வெளிய தள்ளி உட்டுரு, பாஸ்வேர்டயும் மாத்திப் போடு"ன்னேன். அது, "ஒரு தடவை ஊட்டுல கேட்டுக்கிட்டு மாத்தலாங்களா சார்"ன்னுச்சு. "நான்தாம்மா ஊடு"ன்னேன். மாத்திக் குடுத்துருச்சு. எங்க ஊட்டு டிவியில மட்டும் புதுசா ஏத்திக்கிட்டோம்.

அன்னிக்கே போனுக்கு ஒரு நம்பரு வந்துச்சு. உள்ள வர்றதுக்கான ரகசிய நம்பர், ஆருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. அடுத்த நாளு மறுபடியும். எனக்கு ஒரே குசி. தட்டுடா தட்டு, நல்லாத் தட்டுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். டிவி மேல இருந்த துண்டயும் எடுத்தாச்சு.

அப்பத்தான் நவநீதன் போன் பண்ணுனான்.

"சாப்டீங்களாப்பா"ன்னான். "குடை நல்லா வருதுங்களா"ன்னான். அப்பறம், "அப்பா, உங்க போனுக்கு எதாச்சும் நம்பரு வந்துச்சா?"ன்னு கேட்டான்.

எவ்வளவு சந்தோசமாச் சொன்னேன் தெரியுங்களா. "வந்துச்சுடா கண்ணு. எவனோ திருட்டு நாயி நம்ம கணக்குல நொழஞ்சு பகல் பூரா உக்காந்து படம் பாத்திருக்கறான். பட்டப்பகல்ல படம் பாக்கறவன் என்ன மனுசன்? வேலை இல்ல, வெட்டி இல்ல, பெத்தவங்களுக்குப் பாரம். தண்டச்சோறு. வெளிய தள்ளிட்டேன். இப்பக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கறான். செத்தாலும் தொறக்க மாட்டேன்"ன்னேன்.

அவன் "செரிங்கப்பா"ன்னான். "அம்மாவப் பாத்துக்கங்க"ன்னான். வெச்சுட்டான்.

இல்ல தம்பி, தண்ணி வேண்டாம். செரி, குடுங்க.

அதுக்கப்பறம் நம்பரு வரல. கரடியும் நகரல. செயிச்சுட்டேன்னு வீதியில சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். முந்தாநேத்து அவனக் கூப்புட்டேன், அணைஞ்சிருக்குது. நேத்தும் அணைஞ்சிருக்குது. ரூம்ல கூட இருக்கற ஜெரோம்ங்கற பையனக் கூப்புட்டேன். அவன் அக்கா கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருக்கறான். "அங்கிள், உங்களுக்குத் தெரியாதா?"ன்னு ஆரம்பிச்சான். பொங்கலுக்கு முன்னாலயே கம்பெனியில ஆளக் கொறைக்கறப்ப இவனையும் அனுப்பிட்டாங்களாம். "அப்பாகிட்ட எப்படிடா சொல்றது"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பானாம். "ரூம விட்டே வெளிய போறதில்ல அங்கிள். தூங்கறதுமில்ல. உங்க அக்கவுண்ட்ல அந்தக் கரடிய ஓட விட்டாத்தான் கொஞ்சமாச்சும் சாப்பிடுவான்"ன்னான்.

சாப்பிடுவானாம். நான் அந்த ஃபியூசத்தான் புடுங்கியிருக்கேன்.

நம்பரு வந்துச்சான்னு ஒருத்தரும் என்னையக் கேக்கல தம்பி. இவன் ஒருத்தன்தான் கேட்டான். நைசா, சுத்தி வளச்சு, சாப்டீங்களான்னு ஆரம்பிச்சு. என்ற பொழப்பே அதக் கண்டுபுடிக்கற பொழப்பு. எனக்குக் கேக்கலியே.

அந்த ரூமுக்குக் கீழ குடியிருக்கறவங்க நம்பரு ஜெரோம்கிட்ட இல்ல. ரூம வாடகைக்கு உட்டவன் வெளிநாட்டுல. ருக்குமணிகிட்ட, கெளம்பு போலாம்னேன். அவ டிவி முன்னால போயி உக்காந்துட்டா. "நானும் வந்துட்டா இதப் பாக்கறதுக்கு ஆரு இருக்கறாங்க? நீங்க போங்க. இது நகந்தாச் சொல்றேன்"ன்னா. அந்த வரிசையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறா. திட்டக்கூட இல்ல என்னைய. சேலம் வந்து பஸ் மாறுற வரைக்கும் மூச்சு உட்டதே நெனப்பில்ல. அந்தத் தொப்பூர் ஏத்தத்துல டவர் போயிருச்சுங்களே, அப்ப செத்துப் பொழச்சேன்.

இப்ப எங்க வந்திருக்குது? கிருஷ்ணகிரி தாண்டியாச்சுங்களா? இன்னும் ரெண்டு மணி நேரமா. அம்மாடி.

பாருங்க, போன் அதிருது. ருக்குமணியா? இல்லீங்களா? மெசேஜா? படிங்க, படிங்க. என்னால முடியல.

உள்ள வர்றதுக்கான நம்பரா?

தம்பி. தம்பி, அவந்தான். அவந்தான் தட்டறான். வேற ஆரு தட்டப் போறாங்க? இருக்கறான். என்ற சாமி, இருக்கறான்டா.

இந்தாங்க, புடிங்க. நீங்களே வாட்ஸ்அப்புல அடிங்க, எனக்கு வெரலு போக மாட்டேங்குது. நவநீதன் பேரு மேலயே இருக்கும். அந்த நம்பர அப்படியே போடுங்க. ஆருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருந்தா இருந்துட்டுப் போகுது. போட்டாச்சுங்களா? ஒரு டிக்குதான் இருக்குதா? போன் இன்னும் அணைஞ்சுதான் இருக்குதுங்களா? டிவியில தட்டீட்டு சும்மா உக்காந்திருப்பான். நான் தொறக்க மாட்டேன்னு தெரிஞ்சும் தட்டிப் பாத்திருக்கறான். இது பத்து நிமிசந்தான் செல்லும்னு போட்டிருக்குது. போன எடுடா கண்ணு. எடு. ஒருக்கா எடு.

சித்த பாருங்க. இன்னும் ஒண்ணுதானா? இருக்கட்டும், பாத்துக்கிட்டே இருங்க. நான் கண்ண மூடிக்கறேன்.

என்ன? ரெண்டாச்சுங்களா? ரெண்டாயிருச்சா? வேண்டாம், வேண்டாம், கூப்புட வேண்டாம். எங்கடா இருக்கறே, ஏன்டா அணைச்சேன்னெல்லாம் போட்டுறாதீங்க. கேட்டா மறுபடி அணைச்சுப் போடுவான். வேலைன்னு ஒரு எழுத்துக்கூடப் போட வேண்டாம். நான் பஸ்ல வர்றதயும் சொல்ல வேண்டாம். 'வருதா'ன்னு மட்டும் போடுங்க. ஆமாங்க, அவ்வளவுதான். 'வருதா, கண்ணு?'

எழுதறானா? எழுதிட்டு நிறுத்திட்டானா? மறுபடி எழுதறானா?

என்ன போட்டிருக்கறான்? சத்தமாப் படிங்க தம்பி.

'இல்லப்பா.'

நேரம் முடிஞ்சு போயிருக்கும். செரி, பரவால்ல. 'மறுபடி தட்டு'ன்னு போடுங்க. வந்துருச்சு பாருங்க, புது நம்பரு. அனுப்புங்க, சட்டுனு. அனுப்பிட்டீங்களா? இப்பக் கேளுங்க. 'இப்ப?'ன்னு கேளுங்க.

'வந்துருச்சுப்பா.'

இன்னொரு தடவை படிங்க.

ஒண்ணுமில்லீங்க. கண்ணு எரியுது, காத்து. இருங்க, ருக்குமணி கூப்புடறா. சொல்லு அம்மிணி. தெரியும். பையன் உள்ள வந்துட்டான். நகருதா? நல்லா நகருதா? அழுகாத. நீ டிவிய மட்டும் அணைச்சுப் போடாத, பாத்துக்கிட்டே இரு. நின்னாப்புல இருந்தா ஒடனே கூப்புடு.

மடிவாளா வர்றதுக்கு முன்னாலயே சொல்லீருங்க தம்பி. எறங்குனதும் ஆட்டோ புடிக்கோணும். இன்னும் ரெண்டு மணி நேரம். நான் போயிக் கதவத் தட்டற வரைக்கும் அந்தக் கரடி ஓடிக்கிட்டே இருக்கோணும். நீங்களும் அந்தக் கோட்டச் சித்த பாத்துக்கிட்டே வாங்க.